ஒளி உடைக்கும் வாயு

பலமனேரில் ரயில் நிலையம் கிடையாது. ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, ரயில் சத்தமே கேட்காத ஊரில் போய் உட்கார்ந்திருக்கிறாயே என்று உறவினர்கள் கேலி செய்வதுண்டு. சித்தூரிலிருந்து பெங்களூர் போகிற சாலையில், மொகிலி மலைப்பாதை ஏறி முடிந்ததும் வருகிற மேட்டு நிலத்து ஊர் இது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, சந்தைக்கு வருகிறவர்களில் சிலரிடம் கன்னடம் என்று பொழுது போகிறது. சங்க இதழுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று ஆசிரியர் கேட்டபோது ரயில் அனுபவங்களைத்தான் எதிர்பார்த்திருப்பார். நான் எழுத நினைத்தது, உத்தியோக காலத்தில் சிலிண்டர் சிலிண்டராகப் பழகிய ஒரு வாயுவைப் பற்றியும், கண்ணுக்குத் தெரியாத ஒளியால் அதை உடைத்துக் காட்டியவர்களைப் பற்றியும்.

அந்த வாயுவின் பெயர் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு. நடுவில் ஒரு கந்தக அணு, அதைச் சுற்றி ஆறு ஃப்ளூரின் அணுக்கள். மின்சார ரயில் ஓடும் தடத்தில் அங்கங்கே துணை மின் நிலையங்கள் இருப்பதைப் பயணம் செய்யும்போது பார்த்திருப்பீர்கள். 110 கிலோவோல்ட்டில் வாரியத்திடம் வாங்கி 25 கிலோவோல்ட்டாக இறக்கி மேல்கம்பிக்கு அனுப்புகிற இடம் அது. அங்கே சர்க்யூட் பிரேக்கர் மின்சாரத்தைத் துண்டிக்கும்போது இரு முனைகளுக்கும் நடுவே ஆர்க் எழும்பும். அதை அணைக்கத்தான் இந்த வாயு. நிறமில்லை, வாசனையில்லை, காற்றைப் போல ஐந்து மடங்கு கனம். ஆர்க்கின் பயங்கரச் சூட்டில் சிதறினாலும், சூடு தணிந்தவுடன் பெரும்பகுதி பழையபடி ஒன்று சேர்ந்துவிடும். சேராத மிச்சம் வெள்ளைப் பொடியாகப் படியும். அது விஷம். பழைய பிரேக்கரைத் திறக்கும்போது கையுறையும் முகமூடியும் இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடமாட்டேன்.

இப்படி ஆர்க் அடித்தால்தான் அசைந்து கொடுக்கும் என்று நான் நினைத்திருந்த வாயுவை, சாதாரண அறை வெப்பத்தில், ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் வைத்து, அகச்சிவப்பு லேசர் ஒளியைக் கொஞ்ச நேரம் பாய்ச்சி உடைத்திருக்கிறார்கள் என்று படித்தபோது நம்பவே தோன்றவில்லை. காரணம் சொல்கிறேன்.

அகச்சிவப்பு என்பது சிவப்புக்கு அடுத்தபடியாக நம் கண்ணுக்கு எட்டாமல் இருக்கும் ஒளி. அடுப்புத் தணலுக்கு நேரே கையை நீட்டினால் தொடாமலே சுடுகிறதே, அது பெரும்பாலும் இதுதான். ஒளி பொட்டலம் பொட்டலமாக வருகிறது. ஒரு பொட்டலத்துக்கு ஃபோட்டான் என்று பெயர். நாம் பேசும் லேசரின் ஒரு ஃபோட்டானில் 0.12 எலெக்ட்ரான் வோல்ட் அளவுக்குத்தான் சக்தி. இந்த வாயுவிலிருந்து ஒரு ஃப்ளூரின் அணுவைப் பிய்த்தெடுக்க ஏறக்குறைய 4 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். அதாவது ஒரே மூலக்கூறு முப்பதுக்கு மேற்பட்ட ஃபோட்டான்களை, முன்னே வாங்கியதைச் செலவழித்துவிடாமல், ஒன்றன்பின் ஒன்றாக விழுங்க வேண்டும். ஒரு ரூபாய் நாணயம் மட்டும் கொடுத்து, சில்லறை சிந்தாமல், முப்பது ரூபாய்ச் சாமான் வாங்குகிற மாதிரி.

இதைச் சாத்தியமாக்கிய கருவிக்கு நம் நாட்டுத் தொடர்பு ஒன்று உண்டு. மகாராஷ்டிரத்தில் பாராமதியில் 1938-இல் பிறந்த குமார் படேல், புனேயில் இன்ஜினியரிங் படித்து, அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் டாக்டர் பட்டம் பெற்று, பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தவர். அவர்தான் 1964-இல் கார்பன் டைஆக்ஸைடு லேசரை உண்டாக்கினார். நாம் வெளியே விடும் மூச்சில் இருக்கும் அதே கார்பன் டைஆக்ஸைடு. அதன் ஒளியின் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர் பக்கம். இரும்புத் தகடு வெட்டும் தொழிற்சாலைகளிலும் அறுவை சிகிச்சைக் கூடங்களிலும் இன்றைக்கும் அது வேலை செய்கிறது. வெளிநாட்டுக்குப் போய்ப் பெயர் வாங்கிய இந்தியர்களின் பட்டியலை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இவர் பெயர் ஏனோ விட்டுப்போகிறது.

படேலின் லேசர் தொடர்ந்து ஒளி விடுவது. 1970-இல் கனடாவில் வால்கார்ட்டியே என்ற இடத்தில் ஜாக் போல்யூ என்பவர், சாதாரணக் காற்றழுத்தத்திலேயே வாயுவை நிரப்பி, குறுக்குவாட்டில் மின்சாரம் பாய்ச்சி, ஒளியைக் குறுந்துடிப்புகளாக வரவழைக்கும் லேசரை வெளியிட்டார். அடுத்த வருஷமே கனடாவில் ஐசனோர், ரிச்சர்ட்சன் என்ற இருவர் அந்தத் துடிப்பைச் சில வாயுக்களுக்குள் குவித்துப் பார்த்து, மூலக்கூறுகள் உடைந்து ஒளிர்வதைக் கண்டார்கள்.

துடிப்பின் பலம் எப்படிப்பட்டது என்பதை ரயில்வே கணக்கில் சொல்கிறேன். ஒரு துடிப்பில் உள்ள சக்தி ஒரு ஜூல் என்று வையுங்கள். நூறு கிராம் எலுமிச்சம்பழத்தை ஒரு மீட்டர் உயரம் தூக்குகிற சக்திதான் அது, ஒன்றுமேயில்லை. ஆனால் அது வந்து முடிவது ஒரு வினாடியின் கோடியில் ஒரு பங்கு நேரத்தில். அந்த நேரத்துக்கு மட்டும் அதன் திறன் 10 மெகாவாட். இன்றைய விரைவு வண்டிகளை இழுக்கும் மின்சார எஞ்சின் ஒன்றின் திறன் ஏறக்குறைய 4.5 மெகாவாட். இரண்டு எஞ்சின்களுக்கும் மேலான திறன், ஒரு பென்சில் கனமுள்ள கதிருக்குள்!

எங்கள் பக்கத்திலேயே குறுந்துடிப்பு லேசர் ஒன்று இருக்கிறது. பலமனேரிலிருந்து சித்தூர் வழியாகத் திருப்பதி போகும்போது பாகாலாவைத் தாண்டினால் காதங்கி. அங்கே தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. 1998 முதல் அங்கிருந்து பச்சை நிற லேசர் துடிப்புகளை வானத்தை நோக்கி விட்டு, திரும்பி வருகிற சொற்ப ஒளியைத் தொலைநோக்கியில் பிடித்து, மேலே தூசி எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று கணக்கிட்டு வந்திருக்கிறார்கள். அந்தத் துடிப்பு வழியில் எதையும் உடைப்பதில்லை. ஆக, துடிப்பு பலமாக இருந்தால் மட்டும் மூலக்கூறு உடைந்துவிடாது. ஒளியின் நிறம் மூலக்கூறின் தாளத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

தாளம் என்று சொன்னது அலங்காரத்துக்கு அல்ல. மூலக்கூறில் அணுக்கள் ஸ்பிரிங் கட்டினாற்போல் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. ஊஞ்சலில் குழந்தையை ஆட்டும்போது கண்ட நேரத்தில் தள்ளினால் ஊஞ்சல் தடுமாறும். அது திரும்பி வருகிற கணத்தில் மெல்லத் தள்ளினால் போதும், நாலு தள்ளில் கூரையைத் தொடும். நமது வாயுவின் ஒரு குறிப்பிட்ட அதிர்வு 10.6 மைக்ரோமீட்டர் ஒளியின் தாளத்தோடு அப்படியே பொருந்துகிறது. இது தற்செயல்தான், ஆனால் விளைவு பெரிது. பூமி இரவில் வானத்துக்கு வெளியேற்றும் வெப்பம் ஏறக்குறைய இந்த அலைநீளங்களின் வழியாகத்தான் தடையில்லாமல் தப்பிப் போகிறது. அந்த ஜன்னலிலேயே இந்த வாயு திரை போடுகிறது. நூறு வருஷக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை கார்பன் டைஆக்ஸைடைப் போல 20,000 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும் வாயு இது. லேசர்காரர்களுக்குச் செல்லப்பிள்ளையாக இருப்பதற்கும் சீதோஷ்ணத்துக்குச் சத்துருவாக இருப்பதற்கும் காரணம் ஒன்றே. அப்படியானால் காற்றில் கலந்ததை லேசர் விட்டு அழிக்கலாமே என்று கேட்பீர்கள். நடக்காது. காற்றில் அது லட்சம் கோடியில் பத்துப் பன்னிரண்டு பங்குதான். அதை உடைப்பதற்குள் சக்தியெல்லாம் மற்ற மூலக்கூறுகளுக்குப் போய்விடும். பிரேக்கரிலிருந்து கசியாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி.

ஊஞ்சல் கதையில் ஒரு சிக்கல் உண்டு. ஊஞ்சல் மிக உயரமாகப் போகும்போது அதன் தாளம் கொஞ்சம் மெதுவாகிவிடும். மூலக்கூறும் அப்படித்தான். மூன்று நான்கு ஃபோட்டான்களை விழுங்கியபின் அதன் தாளம் மாறிவிடுகிறது. லேசரோ பழைய தாளத்திலேயே தள்ளிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் முப்பது படி ஏறுவது எப்படி? எழுபதுகளில் விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி இதுதான்.

விடையை எங்கள் மொகிலி மலைப்பாதையை வைத்துச் சொல்லலாம். சித்தூரிலிருந்து வரும் லாரிக்குத் தொல்லையெல்லாம் அந்த வளைவுகளில்தான். அதை எப்படியாவது ஏறிவிட்டால் அப்புறம் மேட்டு நிலம்; எந்த கியரிலும் ஓட்டலாம். மூலக்கூறுக்கும் முதல் மூன்று நான்கு படிகள்தான் கஷ்டம். அங்கே ஒளியின் பலமும் மூலக்கூறு தானே சுழலுகிற சுழற்சியும் சேர்ந்து தாளப் பிசகைச் சரிக்கட்டுகின்றன. ஏழு அணுக்கள் உள்ள இந்த மூலக்கூறு பதினைந்து விதமாக அதிரக்கூடியது. சக்தி கூடக்கூட அந்தப் பதினைந்தின் கூட்டுச் சேர்க்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி, படிகளே மறைந்து சரிவுப் பாதைபோல் ஆகிவிடுகின்றன. அதற்கப்புறம் வருகிற ஃபோட்டான் எல்லாம் செல்லும். ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் ஒரு ஃப்ளூரின் அணு கழன்று ஓடிவிடுகிறது.

இதெல்லாம் சட்டென்று நடந்தாக வேண்டும். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. மோதினால் சக்தியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ரயிலில் பொதுப்பெட்டியில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தால் என்ன ஆகும்? பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு பிடி, எதிரில் இருக்கும் குழந்தைக்கு ஒரு பிடி என்று போய்விடும். அதனால் பெட்டியில் ஆட்களைக் குறைத்தார்கள்: வாயுவின் அழுத்தத்தைச் சாதாரணக் காற்றில் எழுநூறில் ஒரு பங்கு போலக் குறைத்தால், இரண்டு மோதல்களுக்கு நடுவே ஒரு துடிப்புக்குப் போதுமான அவகாசம் கிடைக்கிறது. பங்காளி வருவதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும் என்பதுதான் குறுந்துடிப்பின் தத்துவம்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. வெறுமனே உடைப்பதற்கு இத்தனை பாடு வேண்டாம், சூடுபடுத்தினால் போதும். ஆனால் சூடு பாரபட்சம் பார்க்காது, எல்லாவற்றையும் உடைக்கும். லேசரால் பொறுக்கி எடுத்து உடைக்க முடியும். இயற்கையில் கந்தகம் பெரும்பாலும் எடை 32. நூற்றுக்கு நாலு பங்கு போல எடை 34. ரசாயனத்தில் இரண்டும் ஒன்றேதான். எந்த அமிலத்தைக் கேட்டாலும் வித்தியாசம் சொல்லாது. ஆனால் எடை கூடியது சற்று மெதுவாக அதிரும். லேசரை ஒன்றின் தாளத்துக்கு வைத்தால் அது மட்டும் உடைகிறது. மற்றது இருந்த இடத்தில் இருக்கிறது. மாஸ்கோவுக்கு அருகே திராய்ட்ஸ்க் நகரில் லெத்தோகவ், அம்பர்ட்சுமியன் குழுவினர் 1974-75-இல் இதைச் செய்து காட்டினார்கள். அமெரிக்காவில் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடமும் 1975-இல் அதையே காட்டியது.

அந்த நாட்களில் இன்னொரு பெரிய கனவும் இருந்தது. ஒரு மூலக்கூறில் எந்தப் பிணைப்பு வேண்டுமோ அதை மட்டும் லேசர் கத்தரியால் வெட்டி, வேண்டிய மருந்தை வேண்டியபடி செய்துகொள்ளலாம் என்பது. அது பலிக்கவில்லை. மூலக்கூறு ஒரு கூட்டுக் குடும்பம். எந்த மகன் சம்பாதித்துக் கொண்டுவந்தாலும் பணம் பொதுப்பெட்டிக்குத்தான் போகும். ஒரு பிணைப்புக்குக் கொடுத்த சக்தி ஒரு வினாடியின் லட்சம் கோடியில் சில பங்கு நேரத்துக்குள் மூலக்கூறு முழுவதும் பரவிவிடுகிறது. பிறகு எங்கே பலவீனமோ அங்கேதான் அறுபடும். பெர்க்லியில் யுவான் லீ என்பவர் எழுபதுகளின் கடைசியில், உடைந்த துண்டுகளின் வேகத்தையும் திசையையும் அளந்து இதைத் தெளிவாக்கினார். வேதியியலில் மூலக்கூறுக் கதிர்களைக் கொண்டு அவர் செய்த ஆராய்ச்சிகளுக்கு 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது. கனவைக் கலைத்ததிலும் ஒரு பெரிய வேலை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கலைத்தவர்களை ஏனோ யாரும் கொண்டாடுவதில்லை.

எந்த மூலக்கூறு என்று பொறுக்க முடியும், எந்தப் பிணைப்பு என்று பொறுக்க முடியாது. இந்தப் பாதி வெற்றியை முதலில் துரத்திக்கொண்டு வந்தவர்கள் யுரேனியக்காரர்கள். பூமியில் கிடைக்கும் யுரேனியத்தில் அணு உலைக்கும் வெடிகுண்டுக்கும் உதவுகிற 235 எடையுள்ளது 0.7 சதவீதம்தான். அதைப் பிரிக்கச் சுழல் எந்திரங்களை ஆயிரக்கணக்கில் வரிசை வைத்து ஓட்ட வேண்டும். அவ்வளவு பெரிய ஆலையை உலகத்தின் கண்ணிலிருந்து மறைப்பது சுலபமல்ல. லேசரால் பிரித்தால் சிறிய இடம் போதும், மின்சாரமும் குறைவு என்ற நினைப்பில் பல நாடுகள் கோடிகளைக் கொட்டின. யுரேனிய ஹெக்ஸாஃப்ளூரைடில் 235-க்கும் 238-க்கும் தாள வித்தியாசம் மிக மிகச் சொற்பம். அதைப் பிரித்தறிய, வாயுவை நுண்துளை வழியே பீய்ச்சிக் கடுங்குளிராக்கி, 16 மைக்ரோமீட்டர் ஒளியைப் பாய்ச்ச வேண்டியிருந்தது. பெரும்பாலான திட்டங்கள் பாதியில் கைவிடப்பட்டன.

நின்று பிழைத்தது ஆஸ்திரேலியாவில் தோன்றிய சைலெக்ஸ் என்ற முறை. அதன் உள்விவரம் அரசாங்க ரகசியம். அமெரிக்காவில் அதைக்கொண்டு வணிக ஆலை அமைக்க 2012-இல் அங்குள்ள அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் உரிமம் கொடுத்தது. உரிமம் கொடுக்குமுன் அணு ஆயுதப் பரவல் ஆபத்தையும் ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று அமெரிக்க இயற்பியல் கழகம் மனுக் கொடுத்தது. ஆணையம் அதை ஏற்கவில்லை. எனக்கு இது சரியாகப் படவில்லை. ஒரு புதுப் பாலத்தில் வண்டி விடுமுன் வண்டியின் எடையையும் பார்க்கிறோம், கீழே ஓடும் ஆற்றின் வெள்ளத்தையும் பார்க்கிறோம். வெள்ளத்தைப் பார்ப்பது வேறு இலாகாவின் வேலை என்று ஒதுக்கிவிட முடியாது.

இதே வித்தை வீட்டு வாசலுக்கு வந்த கதையும் உண்டு. பழைய ஜன்னல் ஏ.சி.க்களில் இருந்த ஃப்ரியான்-22 வாயுவை உங்களில் பலருக்குத் தெரியும்; மெக்கானிக் கேஸ் போடணும் சார் என்று சொல்லி நிரப்பினாரே, அது. அதைத் தொழிற்சாலையில் கடுமையாகச் சூடாக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு பிரிந்து போய், மிச்சத் துண்டுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து இன்னொரு வாயு உண்டாகிறது. அதைச் சங்கிலியாகக் கோத்தால் டெஃப்லான். நம் வீட்டுத் தோசை ஒட்டாமல் எழும்புவது அதன் புண்ணியத்தில். லேசரும் அதே ரசாயன மாற்றத்தைத்தான் செய்கிறது, ஏறக்குறைய இருபது ஃபோட்டான்களில். ஆனால் தாளத்தைச் சரியாக வைத்தால் எடை 13 உள்ள கார்பனைச் சுமக்கும் மூலக்கூறு மட்டும் உடைகிறது. சாதாரண கார்பன் எடை 12. பதின்மூன்று நூற்றுக்கு ஒன்றுதான் இருக்கும். உடைந்து சேர்ந்த புது வாயுவைப் பிரித்தெடுத்தால் கார்பன்-13 செறிந்து கிடைக்கிறது.

மும்பையில் டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் இதே ஃப்ரியான்-22-ஐ வைத்துக் கார்பன்-13 பிரிக்கும் ஆராய்ச்சியைப் பல வருஷங்கள் செய்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். கனநீரிலிருந்து டிரிட்டியத்தைப் பிரிக்கவும் இந்த வழியை அவர்கள் ஆராய்ந்தார்கள். கல்பாக்கம் போன்ற கனநீர் உலைகளில் ஓட ஓட டிரிட்டியம் சேரும். அது கதிரியக்கமுள்ளது, அங்கே வேலை செய்கிறவர்களின் உடம்புக்கு ஆகாது. டிரிட்டியத்தை முதலில் வேறொரு ஃப்ளூரின் வாயுவுக்கு மாற்றி, பிறகு லேசரால் அந்த மூலக்கூறை மட்டும் உடைப்பது யோசனை.

கார்பன்-13 எதற்கு என்று எனக்குப் புரிந்தது வேலூரில். என் மனைவிக்கு நாள்பட்ட வயிற்றெரிச்சல். இரைப்பையில் ஹெலிகோபாக்டர் என்ற கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். குழாய் விடுவார்களோ என்று அவள் பயந்துகொண்டிருக்க, ஒரு பையில் ஊதச் சொன்னார்கள். புளிப்பாக ஏதோ குடிக்கக் கொடுத்தார்கள். அரைமணி கழித்து இன்னொரு பையில் ஊதச் சொன்னார்கள். அவ்வளவுதான். இதற்கா ரயிலேறி வந்தோம் என்றாள். குடிக்கக் கொடுத்ததில் கார்பன்-13 சேர்ந்த யூரியா இருக்கிறது. கிருமி இருந்தால் அது யூரியாவை உடைக்கும். அந்தக் கார்பன் ரத்தத்தில் கலந்து மூச்சில் கார்பன் டைஆக்ஸைடாக வெளியே வரும். இரண்டு பைகளிலும் எடை 13 எவ்வளவு என்று ஒப்பிட்டால் தெரிந்துவிடும். சில கருவிகள் அதையும் அகச்சிவப்பு ஒளியால்தான் அளக்கின்றன. கார்பன்-13-இல் கதிரியக்கம் கிடையாது; ஆகவே குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்கூடச் செய்யலாம். வயிற்றுப்புண்ணுக்குக் காரமும் கவலையும் மட்டுமே காரணமென்று நம் தலைமுறை நம்பியிருந்தது. இந்தக் கிருமியைக் கண்டறிந்து சொன்ன ஆஸ்திரேலிய டாக்டர்கள் மார்ஷலும் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு வரும்போது வயதான பெற்றோர் நெஞ்செரிச்சல், வயிறு உப்புசம் என்று சொன்னால், சீரகத் தண்ணீரோடு நிறுத்தாமல் டாக்டரிடம் இந்தச் சோதனையைப் பற்றிக் கேளுங்கள்.

அந்தப் பையில் போன கார்பன்-13 லேசரால் பிரித்ததுதானா என்றால், அநேகமாக இல்லை. உலகச் சந்தையில் பெரும்பங்கு, கார்பன் மோனாக்ஸைடைக் கடுங்குளிரில் திரவமாக்கி, உயரமான கோபுரங்களில் வடித்துப் பிரிக்கும் பழைய முறையில்தான் வருகிறது. மெதுவான வேலை, ஆனால் நிதானமாக நடக்கும். லேசர் முறையில் ரஷ்யாவில் கலினின்கிராடில் ஆலையே அமைத்தார்கள். ஆனாலும் லேசர் ஃபோட்டான் விலை கூடிய சரக்கு. கருவி நாள் முழுக்க வினாடிக்கு நூற்றுக்கணக்கான துடிப்புகளைப் பிசகாமல் விட வேண்டும். மின்முனை தேயும், கண்ணாடி பழுதாகும். பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவனுக்கு இந்தக் கஷ்டம் சொல்லாமலே புரியும். ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு நாள் ஓடுகிற எந்திரத்துக்கும், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஷிஃப்டிலும் ஓடுகிற எந்திரத்துக்கும் நடுவே இருக்கும் தூரம், பலமனேருக்கும் காசிக்கும் உள்ள தூரம்.

ஃப்ரியான்-22 ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி இந்தியாவில் அதை ஒழித்து வருகிறார்கள். 2030-ஐ அதற்குக் கெடுவாக வைத்திருக்கிறார்கள். இன்னொரு பொருளாக மாற்றுவதற்கான கச்சாப்பொருளாக அதைத் தயாரிக்க அந்த ஒப்பந்தத்தில் தடையில்லை. ஏ.சி.யை விட்டுப் போனபின்னும் தோசைக்கல்லுக்கும் கார்பன்-13 ஆராய்ச்சிக்கும் அந்த வாயு கிடைத்துக்கொண்டுதான் இருக்கும்.